மெக்னீசியம் குறைந்ததால் தொற்று முற்றியதா, தொற்று முற்றியதால் மெக்னீசியம் குறைந்ததா?

எழுபது வயதைக் கடந்த உங்கள் தந்தைக்கு நிமோனியா வந்து, அது செப்சிஸ் என்னும், தொற்றுக்கு எதிராக உடல் கட்டுமீறி எழுந்து உறுப்புகளையே சிதைக்கும் கட்டம் வரை முற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாட்கள் இருந்து மீண்டிருக்கிறார். சேர்த்த அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் மெக்னீசியம் ஒரு டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்று வந்ததையும், அடுத்த சில நாட்கள் அதைச் சிரை வழியாக ஏற்றியதையும், இரத்த அழுத்தத்துக்காக அவர் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் நெஞ்செரிச்சலுக்காக ஓமெப்ரசோலும் பல ஆண்டுகளாக எடுத்து வருவதையும் குறிப்பிட்டுவிட்டு, "மெக்னீசியம் கடுமையான தொற்றிலிருந்து காக்குமா, வீட்டில் எல்லோரும் இப்போதே மாத்திரை தொடங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதிய கேள்வி இது. எழுதாமல் விட்ட கேள்வி ஒன்றும் இதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது: முன்பே இதைக் கவனித்திருந்தால் அப்பாவுக்கு இந்த நிலை வந்திருக்காதோ என்பது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். அவருடைய மருத்துவக் குறிப்புகளை நான் பார்க்கவில்லை. ஆகவே பொதுவாக அறியப்பட்டதைச் சொல்ல முடியுமே தவிர, அவருடைய உடல்நிலையைப் பற்றித் தீர்ப்பு எதுவும் என்னால் சொல்ல முடியாது.

முதலில் சுருக்கமாக. உடலில் மெக்னீசியம் உண்மையாகவே குறைந்திருந்தால் நோய் எதிர்ப்பும் இதயமும் தசைகளும் சரியாக இயங்கா என்பது உறுதி. கடுமையாக நோயுற்றவரிடம் அந்தக் குறைவைக் கண்டால் ஈடுசெய்ய வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் போதிய அளவு இருப்பவர் மேலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் நிமோனியாவோ செப்சிஸோ வராமல் தடுக்கலாம் என்பதை இதுவரை எந்தத் தரமான மருத்துவப் பரிசோதனையும் நிறுவவில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் விளம்பரங்களும் அறிவுரைகளும் குழப்புகின்றன.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில். மீதியில் பெரும்பகுதி தசை முதலான திசுக்களின் செல்களுக்குள். இரத்த நீரில் இருப்பது மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை, ஆனால் நாம் ஊசி குத்தி அளப்பது அந்தச் சிறு பகுதியை மட்டுமே. வழக்கமான அளவு ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 1.7 முதல் 2.4 மில்லிகிராம் வரை. எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்து இரத்த அளவை உடல் தாங்கிப் பிடிப்பதால், கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் அறிக்கையில் எண் இயல்பாகவே தெரியக்கூடும். அதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. இரத்தத்திலுள்ள மெக்னீசியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதத்தோடு, முக்கியமாக அல்புமினோடு, ஒட்டியிருக்கிறது. கடும் நோயில் அல்புமின் வேகமாகக் குறையும். அப்போது மொத்த மெக்னீசியமும் குறைந்ததாக அறிக்கை சொல்லும், ஆனால் உண்மையில் வேலை செய்கிற, எதோடும் ஒட்டாத பகுதி குறையாமலே இருக்கலாம். உங்கள் தந்தையின் 1.2 முழுவதையும் இப்படி விளக்கிவிட முடியாது, அது தெளிவான குறைவுதான். இருந்தாலும் அந்த எண்ணில் ஒரு பங்கு நோயின் முதல் நாளிலேயே உருவானதாக இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாதுவுக்கும் நோய் எதிர்ப்புக்கும் என்ன தொடர்பு? செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. தனியாக வேலை செய்வதில்லை, மெக்னீசியத்தோடு சேர்ந்த வடிவில்தான் நொதிகளுக்குப் பயன்படுகிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட நொதிகளுக்கு அது துணை நிற்கிறது என்று பாடநூல்கள் சொல்வது இதனால்தான். எல்லாச் செல்களுக்கும் பொதுவான இந்த உண்மையிலிருந்து "ஆகவே தொற்றிலிருந்து காக்கும்" என்று தாவிவிட முடியாது. தண்ணீரும் எல்லாச் செல்களுக்கும் வேண்டும். குறிப்பான சான்று வேண்டுமென்றால் ஓர் அரிய பரம்பரை நோயைப் பார்க்க வேண்டும்.

எம்.ஏ.ஜி.டி.1 என்ற மரபணு பழுதுபட்ட சில ஆண்களுக்கு, நம்மில் பெரும்பாலோர் சுமந்துகொண்டே தொல்லையின்றி வாழும் எப்ஸ்டீன்-பார் வைரஸை அடக்க முடியாமல் போகிறது. சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோயும் வருகிறது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2011-இல் இதை விவரித்தார்கள். இந்த நோய்க்கு எக்ஸ்மென் என்று பெயர். நோய் எதிர்ப்பில் ஈடுபடும் வெள்ளணு வகைகளில் ஒன்றான டி செல் தூண்டப்படும்போது மெக்னீசியம் ஒரு நொடிச் சைகையாகச் செல்லுக்குள் பாய வேண்டும், இவர்களிடம் அந்தப் பாய்ச்சல் இல்லை என்பது அவர்கள் கண்டது. 2013-இல் அதே குழு அடுத்த படிக்குச் சென்றது. வைரஸ் புகுந்த செல்களை அடையாளம் கண்டு கொல்வதற்கு உதவும் என்.கே.ஜி.2டி என்ற ஏற்பி இந்த நோயாளிகளின் கொல்லிச் செல்களில் குறைவாக இருந்தது. மெக்னீசியம் கொடுத்தபோது சிலரிடம் அது கூடியது, வைரஸ் தாங்கிய செல்களும் குறைந்தன. ஒரு தாதுவும் ஒரு வைரஸும் இவ்வளவு நேரடியாக இணைக்கப்பட்டதை அன்று படித்தபோது நானும் வியந்தேன். "மெக்னீசியம் தொற்றைத் தடுக்கும்" என்று இன்று பரவும் பேச்சுகளில் பலவற்றுக்கு இந்த ஆய்வுகளே மூலம்.

அந்தக் கதை அங்கே முடியவில்லை என்பதைத்தான் பலர் சொல்வதில்லை. பின்னர் வந்த ஆய்வுகள், அந்த மரபணு ஆக்கும் புரதம் செல்லில் உருவாகும் மற்றப் புரதங்களின்மேல் சர்க்கரைச் சங்கிலிகளைப் பொருத்தும் இயந்திரத்தின் ஓர் உறுப்பு என்று காட்டின. என்.கே.ஜி.2டி குறைந்ததற்கு மெக்னீசியத்தைவிட அந்தச் சர்க்கரைப் பொருத்தல் தவறியதே முதன்மைக் காரணம் என்று இப்போது பெரிதும் கருதப்படுகிறது. எக்ஸ்மென் நோயாளிகளுக்கு மெக்னீசியத்தையும் போலி மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, எது எப்போது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத வகையில் நடத்திய பரிசோதனையில், அந்த ஏற்பியும் மீளவில்லை, வைரஸின் அளவும் மாறவில்லை. பயன் தெரிந்திருக்க வேண்டியவர்கள் யாராவது உண்டென்றால் அது இவர்கள்தாம். அவர்களிடமே தெரியவில்லை என்னும்போது, இந்த ஆய்வை மேற்கோள் காட்டி ஆரோக்கியமானவர்களிடம் மாத்திரை விற்பது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை.

இதனால் மெக்னீசியத்துக்கும் டி செல்லுக்கும் தொடர்பே இல்லை என்றும் ஆகிவிடாது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், டி செல்லின் சைகைப் பாதையில் உள்ள ஐ.டி.கே. என்ற நொதி, செல்லுக்குள் கட்டற்றுத் திரியும் மெக்னீசியத்தின் அளவு குறைந்தால் தளர்கிறது என்று காட்டினார்கள். மெக்னீசியம் நீக்கிய உணவு கொடுத்த எலிகள் இன்ஃபுளுவென்சா தொற்றை எதிர்கொள்ளத் திணறின. 2022-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் இன்னொரு இடத்தைக் கண்டார்கள். கொல்லும் டி செல் தன் இலக்கைப் பற்றிக்கொள்ள எல்.எஃப்.ஏ.-1 என்ற கைப்பிடி போன்ற புரதத்தைப் பயன்படுத்துகிறது. செல்லுக்கு வெளியே போதிய மெக்னீசியம் இருந்தால்தான் அந்தக் கைப்பிடி முழுமையாக விரிகிறது. இந்தப் பணி முதன்மையாகப் புற்றுநோயை நோக்கியது, ஆனாலும் தொற்றுக்குள்ளான செல்லைப் பிடிப்பதும் அதே கைதான். இரண்டு ஆய்வுகளையும் நான் மதிக்கிறேன். எனினும் எலிகளிடம் செய்தது கடுமையான பற்றாக்குறையை உண்டாக்கிப் பார்த்தது; "குறைந்தால் கெடுகிறது" என்பதற்கு அது சான்று, "கூட்டினால் மேம்படுகிறது" என்பதற்கு அன்று.

செப்சிஸில் நோயாளியைச் சாய்ப்பது கிருமி மட்டுமன்று, கிருமிக்கு எதிராக உடல் கட்டுமீறி எழுப்பும் அழற்சியும்தான். மெக்னீசியம் பல இடங்களில் கால்சியத்துக்குத் தடையாக நிற்பது. அது குறையும்போது வெள்ளணுக்களில் கால்சியச் சைகைகள் ஓங்கி, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற சைகைப் புரதங்கள் கூடுதலாகச் சுரக்கின்றன என்பதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். பாக்டீரியாவின் உள்நச்சைச் செலுத்திய எலிகளில், மெக்னீசியம் குறைந்திருந்தவை அதிகம் இறந்ததையும், ஈடுசெய்தபோது இறப்பு குறைந்ததையும் 1995-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. அதாவது, குறைவு இருந்தால் எதிர்ப்பின் கூர்மையும் மழுங்கலாம், எதிர்ப்பின் கட்டுப்பாடும் தளரலாம். மனிதரிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது வேறு கேள்வி.

இங்கே கொஞ்சம் விலகி ஒரு செய்தி சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எனக்கு மிகவும் பிடித்தது. மெக்னீசியம் நமக்கு வேண்டும் என்பதைப் போலவே கிருமிக்கும் வேண்டும். சால்மோனெல்லா நம் வெள்ளணுவால் விழுங்கப்பட்டு ஒரு சிறு பைக்குள் அடைபடும்போது, அந்தப் பையின் சுவரிலுள்ள எஸ்.எல்.சி.11.ஏ.1 என்ற புரதம் கிருமியை மெக்னீசியப் பட்டினியில் தள்ளி அதன் வளர்ச்சியை முடக்குகிறது என்று 2019-இல் பாசலைச் சேர்ந்த வேறொரு குழு காட்டியது. சால்மோனெல்லாவும் சும்மா இருப்பதில்லை. சுற்றிலும் மெக்னீசியம் குறைந்ததை உணர்ந்து தற்காப்பு மரபணுக்களைத் திறந்துவிடும் உணர்வு அமைப்பை அது வைத்திருக்கிறது. ஓரிடத்தில் நாம் மெக்னீசியத்தைப் பயன்படுத்துகிறோம், இன்னோரிடத்தில் வேண்டுமென்றே மறுக்கிறோம். "எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பாதுகாப்பு" என்ற நேர்கோட்டுக் கணக்கை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நோயாளிகளிடம் கண்டவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்பவர்களில் மெக்னீசியம் குறைந்தவர்கள் கூடுதலாக இறக்கிறார்கள், அவர்களுக்குச் செயற்கைச் சுவாசமும் அதிக நாட்கள் தேவைப்படுகிறது, செப்சிஸும் அவர்களிடம் மிகுதி என்று பல ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன. தொடர்பு உண்மையானது, திசைதான் தெரியவில்லை. யாருக்கு மெக்னீசியம் குறைகிறது என்று பாருங்கள்: கட்டுக்குள் இல்லாத நீரிழிவு உள்ளவர்கள், நீண்டகாலமாக மது அருந்துபவர்கள், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், சரியாகச் சாப்பிட முடியாத முதியவர்கள், சில புற்றுநோய் மருந்துகள் பெறுபவர்கள். இவர்களெல்லாம் மெக்னீசியம் இயல்பாக இருந்தாலும் கடும் தொற்றுக்கு எளிதில் ஆளாகக்கூடியவர்கள். போதாததற்கு, தொற்றுக்குத் தரும் மருந்துகளே மெக்னீசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவதும் உண்டு. ஜென்டாமைசின், அமிகாசின் வகையும் பூஞ்சைக்குத் தரும் ஆம்போடெரிசினும் இதில் பேர்போனவை. நெருப்பு எரிந்த இடத்தில் தண்ணீர் நிற்பதைக் கண்டு தண்ணீர்தான் நெருப்புக்குக் காரணம் என்று சொல்லிவிடும் ஆபத்து இவ்வகை ஆய்வுகளில் எப்போதும் இருக்கிறது.

இந்த ஐயத்தைத் தீர்ப்பது சீட்டுக்குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனைதான். கடும் தொற்றில் மெக்னீசியத்தை ஒழுங்காகச் சோதித்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு வில்வாத ஜன்னி எனப்படும் டெட்டனஸ். வியட்நாமின் ஹோ சி மின் நகரில் 256 நோயாளிகளிடம் நடந்து 2006-இல் வெளியான பரிசோதனையில், சிரை வழியாக மெக்னீசியம் சல்பேட் பெற்றவர்களுக்குத் தசை இறுக்கத்தை அடக்கத் தேவைப்பட்ட மற்ற மருந்துகள் குறைந்தன, இதயத் துடிப்பின் தறிகெட்ட ஓட்டமும் அடங்கியது; ஆனால் செயற்கைச் சுவாசத்தின் தேவை குறையவில்லை. அங்கேயும் மெக்னீசியம் கிருமியை எதிர்க்கவில்லை, கிருமியின் நச்சு நரம்பிலும் தசையிலும் செய்த கலகத்தைத் தணித்தது. செப்சிஸ் நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறிய பரிசோதனையில் மெக்னீசியம் பெற்றவர்களின் இரத்தத்திலிருந்து, கடும் நோயில் தேங்கும் லாக்டேட் என்ற பொருள் விரைவாக நீங்கியது என்று கண்டார்கள். நல்ல அறிகுறிதான், ஆனால் சிகிச்சை முறையை மாற்ற அது போதாது. கோவிட் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆய்வு ஒன்று மிகவும் பேசப்பட்டது. வைட்டமின் டி, மெக்னீசியம், வைட்டமின் பி12 மூன்றையும் சேர்த்துப் பெற்ற 17 பேரில் 3 பேருக்கும், பெறாத 26 பேரில் 16 பேருக்கும் ஆக்சிஜன் தேவைப்பட்டது. எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் மொத்தம் 43 பேர், குலுக்கிப் பிரிக்கவில்லை, மூன்று பொருள்கள் ஒன்றாக. இதில் மெக்னீசியத்தின் பங்கு என்ன என்று அந்த ஆய்வைச் செய்தவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் உங்கள் தந்தைக்கு ஏன் அவ்வளவு கவனமாக ஏற்றினார்கள்? தொற்றை விரட்ட அன்று. மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்க இயலாமல் கசியவிடும். எவ்வளவு பொட்டாசியம் ஏற்றினாலும் நிற்காது. இரத்தக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பி மந்தமாகிக் கால்சியமும் குறையும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான தாளத்துக்கு மாறக்கூடும். நிமோனியாவுக்கு அடிக்கடி தரப்படும் அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் மீளும் இடைவெளியை நீட்டி, துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியவை என்பதால், அவை உள்ளே போகும் நேரத்தில் மெக்னீசியம் 1.2 என்று இருப்பதை எந்தத் தீவிர சிகிச்சை மருத்துவரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். மூச்சுத் தசைகளின் வலுவும் ஒரு காரணம். கிருமியை வெல்ல ஆன்டிபயாட்டிக்குக்கு நாட்கள் தேவை. அந்த நாட்களை நோயாளி கடப்பதற்கு இந்தத் திருத்தங்கள் வேண்டும். இந்தப் பொருளில் மெக்னீசியம் அவரைப் பாதுகாத்தது என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

வீட்டில் எல்லோரும் மாத்திரை எடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பருப்பு வகைகள், கொட்டைகள், விதைகள், தவிடு நீக்காத தானியங்கள், கீரைகள் ஆகியவற்றை நாள்தோறும் உண்ணும், சிறுநீரகம் நன்றாக இயங்கும் ஒருவருக்கு மாத்திரை வேண்டியதில்லை. வளர்ந்தோருக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 310 முதல் 420 மில்லிகிராம். உணவுக்கு மேல் மாத்திரையாக எடுப்பதற்கு அமெரிக்கா 350 என்றும் ஐரோப்பா 250 என்றும் மேல்வரம்பு வைத்திருக்கின்றன. மீறினால் பெரும்பாலும் வயிற்றுப்போக்குதான், அதிலேயே மெக்னீசியம் வெளியேறிவிடும் என்பது வேடிக்கை. வேடிக்கையில்லாதது சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களின் நிலை. அவர்களால் மிகுதியை வெளியேற்ற முடியாது. தேங்கினால் அனிச்சைச் செயல்கள் மறைந்து, இரத்த அழுத்தம் சரிந்து, மூச்சும் இதயமும் நிற்கும் வரை போகலாம். வீட்டில் சிறுநீரக நோய் உள்ளவர் இருந்தால் அவருக்கு இந்த மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. மற்றொன்று: மெக்னீசியம் குடலில் டாக்சிசைக்ளின் வகையையும் சிப்ரோஃப்ளாக்சசின் வகையையும் பற்றிக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். தொற்றுக்கு இந்த மருந்துகளை விழுங்கிக்கொண்டே, "எதிர்ப்பு சக்திக்காக" மெக்னீசியத்தையும் அதே வேளையில் விழுங்குபவர் தம் சிகிச்சையைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். இரண்டையும் சில மணி நேர இடைவெளி விட்டே எடுக்க வேண்டும்.

உங்கள் தந்தையின் நிலை வேறு. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை மெக்னீசியத்தை வெளியேற்றுகிறது. ஓமெப்ரசோல் போன்றவற்றை ஓராண்டுக்கு மேல் எடுத்தால் குடலில் மெக்னீசியம் ஏறுவது குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இலேயே எச்சரித்திருக்கிறது. இரண்டும் சேர்ந்த முதியவரிடம் குறைவு ஏற்கனவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குறைவு நோயைக் கொஞ்சம் கடுமையாக்கியிருக்கலாம். நிமோனியாவை வரவழைத்தது அதுதான் என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. மெக்னீசியத்தை ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கமான பரிசோதனைப் பட்டியலிலும் பெரும்பாலும் கிடையாது. குடும்பத்தார் கவனிக்கத் தவறினார்கள் என்று உங்களை நீங்களே குறை கூறிக்கொள்ள இதில் இடமில்லை. இப்போது செய்யக்கூடியது இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவர் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஓமெப்ரசோல் இன்னும் வேண்டுமா, சிறுநீர் மாத்திரையின் அளவை மாற்றலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். நோய் முழுமையாக அடங்கிச் சில வாரங்கள் கழித்து மெக்னீசியம், பொட்டாசியம், கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நான்கையும் ஒன்றாகப் பரிசோதியுங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் அது உண்மையான குறைவு, மாத்திரைக்கு அப்போது பொருள் உண்டு. அதே சந்திப்பில், நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கான தடுப்பூசியும் ஆண்டுதோறும் போடும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசியும் அவருக்குப் போடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் வயதில் கடும் நிமோனியாவைக் குறைப்பதற்கு மெக்னீசியத்துக்கு இல்லாத சான்று அந்த இரண்டுக்கும் இருக்கிறது.